காசிமேட்டில் ஒத்திகை ஆய்வு: 4, 7ஆம் கேள்விகளைத் தூக்கிவிடலாமா?

கடலோர_மாணவி | ஏப்ரல் 24, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. உளவியல் முதலாண்டு முடித்திருக்கிறேன். வீடு தண்டையார்பேட்டை. அடுத்த ஆண்டு ஆய்வேட்டுக்கு 'மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டு மீன் விற்கும் பெண்களின் மன அழுத்தம்' என்று தலைப்பு எடுத்திருக்கிறேன். விசைப்படகுகளுக்குத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதற்குள் 150 பேரிடம் கேட்டு முடிக்க வேண்டும். விசைப்படகுகள் கடலுக்குக் கிளம்பிவிட்டால் அப்புறம் இந்தத் தலைப்பில் அளக்க ஒன்றும் இருக்காது.

ஷெல்டன் கோஹனும் உடன் ஆய்வாளர்களும் 1983இல் வெளியிட்ட 'உணரப்படும் அழுத்த அளவுகோல்', அதன் 10 கேள்வி வடிவம், அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை. மொத்தம் 40. எங்கள் துறையில் ஒரு தமிழ்ப் பிரதி பல வருடங்களாகக் கைமாறி வருகிறது. மொழிபெயர்த்தது யார் என்று தாளில் எங்கும் இல்லை.

30 பேரிடம் ஒத்திகை பார்த்தேன். ஆல்ஃபா, அதாவது கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண், 0.7ஐத் தொடவில்லை. 4ஐயும் 7ஐயும் எடுத்துவிட்டால் தாண்டுகிறது என்று கணினி காட்டுகிறது. நெறியாளர், "எடுத்துவிட்டு எட்டுக் கேள்வியோடு களத்துக்குப் போ" என்கிறார். அவரைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை, அவருக்குக் கீழே பதினொரு பேர் இருக்கிறோம். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணம் ஒரு அம்மா.

அரிவாள்மணையில் சங்கரா அரிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து 4ஆவது கேள்வியைப் படித்தேன்: "கடந்த ஒரு மாதத்தில் உங்கள் தனிப்பட்ட பிரச்சினைகளைக் கையாளும் திறனில் எவ்வளவு அடிக்கடி நம்பிக்கையுடன் இருந்தீர்கள்?" அவர் கை நின்றது. "நம்பிக்கை இல்லாம எப்படிம்மா? மாதா மேல எப்பவும் நம்பிக்கை உண்டு" என்றார். 'மிக அடிக்கடி' என்று குறித்தேன். நான் அடுத்த கேள்விக்குப் போவதற்குள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளின் கம்மல் சேட்டு கடையில் இருக்கிறதாம். தண்டல்காரர் தினமும் சாயந்திரம் வாசலுக்கு வருகிறாராம். அதையெல்லாம் எழுத என் தாளில் இடம் இல்லை. என் தாளின்படி அந்தக் கேள்வியில் அவருக்கு அழுத்தமே கிடையாது.

தூக்கிவிடலாமா? அல்லது வேறு என்ன செய்யலாம்?

வண்ணை_கணக்கு_வாத்தியார் | ஏப்ரல் 24, இரவு 11.02

முதலில் ஒன்றைச் சொல்லுங்கள் அம்மா. 4, 5, 7, 8 நான்கும் நல்ல பக்கமாகக் கேட்கிற கேள்விகள். அவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டீர்களா? 0ஐ 4ஆக, 1ஐ 3ஆக? நான் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த காலத்தில் 'ஆல்ஃபா குறைந்துவிட்டது' என்று வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் இங்கேதான் சறுக்கியிருப்பார்கள்.

கடலோர_மாணவி | ஏப்ரல் 24, இரவு 11.20

திருப்பிப் போட்டேன் சார். தாளோடு இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

வண்ணை_கணக்கு_வாத்தியார் | ஏப்ரல் 25, காலை 6.10

சரி, அப்படியானால் விஷயம் வேறு.

கிரோன்பாக் 1951இல் எழுதிய ஆல்ஃபாவை நம் ஊரில் பாஸ் மார்க் போல ஆக்கிவிட்டார்கள். 0.69 என்றால் ஃபெயில், 0.71 என்றால் பாஸ். அது அப்படிப்பட்டதே இல்லை. பத்துக் கேள்விகளும் ஒன்றோடொன்று சேர்ந்து நகர்கின்றனவா என்பதை மட்டும் அது சொல்லும். எதை அளக்கின்றன என்று அதற்குத் தெரியாது. மீன் மார்க்கெட்டில் ஒரே தராசில் ஒரு வஞ்சிரத்தை நாலு தடவை வைத்து நாலு தடவையும் 900 கிராம் காட்டினால் தராசு நிலையாக நிற்கிறது என்று அர்த்தம். எடைக்கல் சரியா என்பது தனி விசாரணை. முதலாவது நம்பகத்தன்மை, இரண்டாவது ஏற்புடைமை. நீங்கள் சொன்ன அந்த அம்மாவின் விஷயம் இரண்டாவதைச் சேர்ந்தது. கணினியில் உட்கார்ந்து அதைத் தீர்க்க முடியாது.

இன்னொன்று. 30 பேரை வைத்து எந்தக் கேள்வியை எடுப்பது என்று முடிவு கட்டாதீர்கள். வேறு 30 பேரிடம் போனால் 4க்குப் பதில் 2 விழும்.

பெரம்பூர்_வாசகன் | ஏப்ரல் 25, காலை 9.45

நான் எதிர்க்கட்சி. தங்கச்சி, நான் போன வருடம் இதே கட்டத்தில் நின்றவன். முதுகலை ஆய்வேடு முனைவர் பட்டம் இல்லை. இருக்கிற நாளுக்குள் 150 பேர் என்பதே பெரிய வேலை. இரண்டு கேள்வியை எடுத்துவிட்டு, 'வரம்புகள்' பகுதியில் நேர்மையாக எழுதிவிட்டால் வைவாவில் யாரும் தடுக்க மாட்டார்கள். நான் மூன்று மாதம் கேள்வித்தாளையே செதுக்கிக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் தரவு போதாமல் ஒரு பருவம் தள்ளிப்போனது. வீட்டில் கட்டணத்துக்கு மறுபடி கடன். அந்தக் கஷ்டம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

காசிமேட்டுப்_பொண்ணு | ஏப்ரல் 25, மாலை 4.30

எங்க அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கூடை தூக்கியவர். நான் சமூகப்பணி படித்துவிட்டு இப்போது ஒரு பள்ளியில் வேலை செய்கிறேன். உங்கள் பதிவை நேற்று இரவே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்தத் தமிழ்த் தாள் எங்கள் கல்லூரியிலும் சுற்றியது, என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு கேள்வியாக வாசித்து, "இன்னாம்மா புரிஞ்சுது?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

'தனிப்பட்ட பிரச்சினை' என்றதும் அம்மா கதவைப் பார்த்தார். எங்கள் பக்கம் அந்தச் சொல் புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம். வெளியே சொல்லக் கூடாதது. "எனக்கு அப்டி ஒண்ணும் இல்ல" என்றுதான் எந்தப் பெண்ணும் முதலில் சொல்வாள். அதற்கு மேல் 'நம்பிக்கை' வந்தால் மாதா, அந்தோணியார், எல்லையம்மன்.

2ஆவது கேள்வியில் 'முக்கியமான விஷயங்களைக் கட்டுப்படுத்த முடியவில்லை' என்று இருக்கிறது. 'கட்டுப்பாடு' என்றால் எங்களுக்கு இரண்டு. ஒன்று ஆஸ்பத்திரியில் செய்துகொள்கிற குடும்பக் கட்டுப்பாடு. இன்னொன்று ஊர்க் கட்டுப்பாடு, பஞ்சாயத்து போடுகிறது. இரண்டுமே பதில் சொல்லப் பயப்படுகிற விஷயம்.

7ஆவது, 'எரிச்சலைக் கட்டுப்படுத்த முடிந்ததா'. அம்மா சொன்னது: "வவுத்தெரிச்சலா? காலைல வெறும் வயித்துல டீ குடிச்சா வரும். ஜெலுசில் போட்டா அடங்கிடும்." அதாவது 'அடிக்கடி முடிந்தது'.

அதனால்தான் உங்களுக்கு 4உம் 7உம் மற்றவற்றோடு ஒட்டவில்லை. பெண்கள் தப்பாகப் பதில் சொல்லவில்லை அக்கா. அவர்கள் காதில் விழுந்த கேள்விக்குச் சரியாகத்தான் சொன்னார்கள்.

எண்ணூர்_ஆய்வாளர் | ஏப்ரல் 25, இரவு 9.05

மேலே இருக்கிற பதிவை மாணவர்கள் எல்லோரும் ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். ஒரு அளவுகோலைக் களத்துக்குத் தயார் செய்வது என்றால் இதுதான். இதற்குப் பாடத்தில் 'அறிதல் நேர்காணல்' என்று பெயர். கேள்வியைப் படித்துவிட்டு, "நான் என்ன கேட்டேன்னு உங்க வாயால சொல்லுங்க" என்று கேட்பது. ஏழெட்டுப் பேரிடம் செய்தாலே பெரிய ஓட்டைகள் தெரிந்துவிடும்.

நம் துறைகளில் மொழிபெயர்ப்புச் சோதனை என்றால் பிரிஸ்லின் 1970இல் எழுதிய முறையோடு நின்றுவிடுகிறோம்: ஆங்கிலத்திலிருந்து தமிழ், வேறொருவர் தமிழிலிருந்து ஆங்கிலம், இரண்டையும் ஒப்பிடுவது. அந்த முறை தேவைதான். ஆனால் இங்கே அது எதையும் பிடித்திருக்காது. 'திறனில் நம்பிக்கை' என்பதைப் படித்த ஒருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பினால் மூலத்தில் இருந்த சொல்லே அச்சுப் பிசகாமல் வந்து நிற்கும். போகிறவரும் வருகிறவரும் கல்லூரித் தமிழ் பேசுகிறவர்கள். நடுவில் மீன் அரிகிற அம்மா இல்லை.

ஜிம்பாப்வேயில் 1990களில் விக்ரம் படேலும் குழுவினரும் வேறு மாதிரி தொடங்கினார்கள். வெளிநாட்டு அளவுகோலை ஷோனா மொழிக்குப் பெயர்ப்பதற்குப் பதிலாக, மனசு சரியில்லாதவர்கள் அங்கே அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு, அந்தச் சொற்களை வைத்தே 14 கேள்விகள் அமைத்தார்கள். அதில் முக்கியமான ஒன்று 'குஃபுங்கிசிசா'. அளவுக்கு மேல் யோசிப்பது என்று பொருள். பின்னால் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் ஹராரேயில் மரத்தடி பெஞ்சில் பாட்டிகளை உட்காரவைத்து ஆறுதல் சொல்லும் திட்டத்தைத் தொடங்கியபோது, அந்தப் பாட்டிகள் கையில் கொடுத்தது இந்தக் கேள்விகளைத்தான்.

தங்கச்சி, காசிமேட்டில் 'குஃபுங்கிசிசா'வுக்கு என்ன சொல்கிறார்கள்?

காசிமேட்டுப்_பொண்ணு | ஏப்ரல் 25, இரவு 9.40

"ஒரே ரோசனையா கீது." இதைத்தான் அதிகம் சொல்வார்கள். அப்புறம் "மனசு பேஜாரா கீது", "மண்டை காயுது", "நெஞ்சு படபடங்குது", "தூக்கம் புடிக்கல". 'மன அழுத்தம்' என்று எங்கள் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'டென்சன்' சொல்வார்கள், ஆனால் அது பெரும்பாலும் கோபத்துக்கு. "அவரு டென்சன் ஆயிட்டாரு" என்றால் கத்தினார் என்று அர்த்தம்.

திருவொற்றியூர்_தம்பி | ஏப்ரல் 26, காலை 8.00

நான் பி.எஸ்சி. உளவியல். ஒரு சந்தேகம் அண்ணா. இவ்வளவு சிக்கல் என்றால் அளவுகோலே எதற்கு? அந்த அம்மாவோடு உட்கார்ந்து பேசினாலே எல்லாம் தெரிந்துவிடுகிறதே.

வண்ணை_கணக்கு_வாத்தியார் | ஏப்ரல் 26, காலை 10.25

நல்ல கேள்வி தம்பி. பேசினால் அந்த ஒருவரைப் பற்றித் தெரியும். 150 பேரில் யார் அதிகம் நொந்திருக்கிறார்கள், கடன் இருக்கிற வீட்டில் நிலைமை எப்படி, சொந்தப் படகு இருக்கிற வீட்டில் எப்படி என்று சொல்ல எல்லோரையும் ஒரே மாதிரி கேட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நமக்குப் பிடித்தவர் சொன்னது பெரிதாகத் தெரியும், முகம் கொடுக்காதவர் சொன்னது சின்னதாகத் தெரியும்.

பாரிஸில் ஆல்ஃபிரெட் பினேவும் சிமோனும் 1905இல் குழந்தைகளுக்கான சோதனையைக் கொண்டுவந்ததே இதற்குத்தான். எந்தப் பிள்ளைக்குத் தனிக் கவனிப்பு வேண்டும் என்பதை ஆசிரியரின் அபிப்பிராயத்துக்கு விட்டுவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். அதே சோதனையை கோடர்ட் என்பவர் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். 1910களில் நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய ஏழைகளிடம் துபாஷிகளை, அதாவது மொழிபெயர்த்துச் சொல்பவர்களை, வைத்துக்கொண்டு அதை நடத்தினார்கள். சோதித்தவர்களில் பெரும்பகுதியினர் புத்தி குறைந்தவர்கள் என்று எழுதிவைத்தார்கள். நடுவில் ஒரு துபாஷி, நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்னாலும் இதைச் செய்திருக்க முடியாது என்று சொல்லியிருக்கிறார். கோடர்டே அதைப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் சோதனையை நிறுத்தவில்லை.

அந்தத் துபாஷி சொன்னதைத்தான் நேற்று காசிமேட்டுப் பொண்ணின் அம்மா சொல்லியிருக்கிறார். நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மனநலப்_பணியாளர் | ஏப்ரல் 26, மதியம் 2.15

இருபது வருடமாக வட சென்னையில் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். வார்த்தைகளைப் பற்றி எல்லோரும் நன்றாகப் பேசுகிறீர்கள். எனக்கு வேறு கவலை.

அந்த அம்மா அழுதார் என்று எழுதினீர்கள். அதற்கப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள் கண்ணு? குற்றம் சொல்லக் கேட்கவில்லை. 150 பேரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டால் ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் உடைந்துதான் போவார். அப்போது கையில் என்ன வைத்திருப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். தாளை மூடிவிட்டுக் கேளுங்கள், அவசரப்படாதீர்கள். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று நாள்கணக்கில் சொல்கிறவர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது என்று சொல்லுங்கள். கீழ்ப்பாக்கம் என்றால் எங்கள் ஆட்கள் பயப்படுவார்கள், அதனால் ஸ்டான்லியைச் சொல்வது எளிது. 14416 என்ற எண்ணுக்குப் பணம் கொடுக்காமல் தமிழிலேயே பேசலாம். ஒரு சின்னச் சீட்டில் பெரிய எழுத்தில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுங்கள். அழுதவருக்கு மட்டும் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் அவரை வேறு மாதிரி பார்ப்பார்கள்.

சிலர் மனச்சோர்வை அளக்கிற, ஒன்பது கேள்வி கொண்ட பி.எச்.கியூ. தாளையும் சேர்த்து எடுத்துப்போகிறார்கள். அதன் கடைசிக் கேள்வி உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பைப் பற்றியது. 'ஆமாம்' என்று பதில் வந்தால் அந்த நிமிடமே கூப்பிட்டுப் பேச ஒரு பொறுப்பான ஆள் இல்லாமல் அந்தத் தாளைத் தொடவே கூடாது. ராத்திரி வீட்டுக்குப் போய்க் கணினியில் ஏற்றும்போது பார்த்துக்கொள்கிற விஷயம் இல்லை அது.

அப்புறம் ஒப்புதல் படிவம். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். ஆனால் படிவத்தை முழுக்கப் படித்துச் சொன்னதற்கு, ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை இதைத் தெளிவாகச் சொல்கிறது. மீனவர் பகுதியில் காகிதத்தில் கைநாட்டு என்றாலே வட்டிக்காரர் ஞாபகம்தான் வரும். அந்தப் பயத்தை முதலில் பேசிப் போக்குங்கள்.

கடலோர_மாணவி | ஏப்ரல் 26, இரவு 8.50

அன்று நான் ஒன்றும் செய்யவில்லை மேடம். "அழாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு 5ஆவது கேள்வியைப் படித்தேன். இப்போது நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. நாளைக்கு அவரைப் போய்ப் பார்க்கிறேன்.

எண்ணூர்_ஆய்வாளர் | ஏப்ரல் 27, காலை 7.30

பயத்துக்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது நான் அங்கே வீடு வீடாகப் போனேன். தாளும் பேனாவும் கையில் இருந்தால் நீங்கள் யார் என்று எத்தனை முறை சொன்னாலும் 'நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர்'தான். கேட்டதற்கெல்லாம் 'ரொம்ப கஷ்டம்' என்று வரும். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். நிவாரணப் பட்டியலில் பேர் விட்டுப்போனவருக்கு அதைத் தவிர வேறு வழி இல்லை. காசிமேட்டிலும் தடைக்கால நிவாரணம் வருகிற நேரம் இது. பேங்க் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு யாராவது உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால் அந்தத் தாளில் ஒரு குறி போட்டுவையுங்கள்.

கடலோர_மாணவி | மே 5, இரவு 10.40

இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன். இந்த ஒன்பது நாளில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன். தாள் எடுத்துப்போகவில்லை. தடைக்காலத்தில் மேற்குக் கரையிலிருந்து லாரியில் ஐஸ் பெட்டியில் வருகிற மீனை வாங்கி விற்பதில் என்ன நிற்கும், என்ன நிற்காது என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே பேசினார். சீட்டைக் கொடுத்தபோது படித்துக் காட்டச் சொன்னார். மடித்து இடுப்புச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் எட்டுப் பேரிடம் அறிதல் நேர்காணல் செய்தேன். 'எரிச்சல்' என்றதும் பாதிப் பேருக்கு மேல் வயிறு, கண் என்றார்கள். 5ஆவது கேள்வியில் 'காரியங்கள் உங்கள் வழியில் சென்றனவா' என்று இருந்தது. ஒருவர் "எந்த வழிம்மா?" என்று உண்மையாகவே கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

'கடந்த ஒரு மாதத்தில்' என்பதும் சரிப்படவில்லை. தேதி வைத்து யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. "படகு கட்டினதுலேர்ந்து" என்று மாற்றிக் கேட்டதும் எல்லோருக்கும் ஒரே நாள் ஞாபகம் வந்தது.

பெரிய சிக்கல் பதில்களில்தான். 'ஓரளவு அடிக்கடி', 'மிக அடிக்கடி' இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். நான் தலையாட்டுகிற பக்கம் பதில் வருகிறது. அதற்கு ஒரு யோசனை செய்து பார்த்தேன். மார்க்கெட்டில் நெத்திலியைக் கூறு கட்டி வைப்பார்கள் இல்லையா? அது மாதிரி ஒரு அட்டையில் ஐந்து இடம். முதல் இடம் வெறும் இடம். அடுத்தது இரண்டு புளியங்கொட்டை, அப்புறம் ஐந்து, அப்புறம் பத்து, கடைசியில் ஒரு கைப்பிடி. "எந்தக் கூறு?" என்று மட்டும் கேட்டேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கொட்டையைப் பார்த்து விரல் வைத்தார்கள். ஒருவர் நான்காவதில் வைத்துவிட்டு, இல்லை என்று மூன்றாவதுக்கு மாற்றினார். தாளில் கேட்டபோது ஒருவரும் ஒரு பதிலையும் மாற்றியதில்லை.

இப்போது எழுதியிருக்கிற வடிவம். 4: "வீட்டுல ஒரு கஷ்டம் வந்தா, நான் சமாளிச்சிடுவேன்னு தோணுச்சா?" 7: "சின்னச் சின்னத் தொந்தரவு வரும்போது பொறுத்துக்க முடிஞ்சுதா?" பார்த்துச் சொல்லுங்கள்.

காசிமேட்டுப்_பொண்ணு | மே 5, இரவு 11.15

புளியங்கொட்டை பிரமாதம். 4 நன்றாக இருக்கிறது.

ஆனால் 7இல் 'பொறுத்துக்க' வேண்டாம் அக்கா. பொறுமை எங்கள் பெண்களுக்குப் பெருமை. "பொறுத்துக்க முடிஞ்சுதா?" என்று கேட்டால் முடியவில்லை என்று எவளும் சொல்ல மாட்டாள், வாய் வராது. அம்மா சொல்கிறார்: "பொறுத்துக்கறது வேற, சமாளிக்கறது வேற. பொறுத்துக்கிட்டா உள்ளயே கெடக்கும்."

எண்ணூர்_ஆய்வாளர் | மே 6, காலை 6.50

அம்மா சொன்னது மிகச் சரி. நல்லவர் என்று பேர் எடுக்கிற பக்கமாகப் பதில் சாய்வதை அளப்பதற்கென்றே கிரௌனும் மார்லோவும் 1960இல் 33 கேள்வி கொண்ட தனி அளவுகோல் செய்தார்கள். உங்கள் 7ஆவது கேள்வி 'பொறுத்துக்க' என்று இருந்தால் அழுத்தத்தை அளக்காமல் அதைத்தான் அளக்கும். "தொந்தரவு பண்றப்போ மனசை சரி பண்ணிக்க முடிஞ்சுதா?" என்று கேட்டுப் பாருங்கள். மறுபடி நாலு பேரிடம்.

இன்னொரு ஆசை, சொல்லிவிடுகிறேன். 2013இல் 'சயன்ஸ்' இதழில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ நால்வரும் வெளியிட்ட ஆய்வு நம் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளைப் பற்றியது. 464 பேர். அறுவடைக்கு முன்னால் கையில் காசு இல்லாத நேரத்திலும், அறுவடைக்குப் பின்னாலும் அதே ஆட்களுக்கு யோசிக்கும் திறனைப் பார்க்கிற ரேவனின் வடிவச் சோதனையைக் கொடுத்தார்கள். காசு இருந்தபோது நன்றாகச் செய்தார்கள். ஆள் ஒருவரே, பணமுடைதான் யோசிக்கிற இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்று முடிவு சொன்னார்கள். அதன் மேல் வாதங்கள் நடந்தன, அதையும் தேடிப் படியுங்கள். ஆனால் அந்த ஆய்வை அமைத்த விதத்தைக் கவனியுங்கள். உங்களுக்கு ஜூன் 14 இருக்கிறது. இந்த 150 பேரில் ஒரு பகுதியினரைப் படகு போன அடுத்த மாதம் மறுபடி பாருங்கள். வீட்டுக்கு வீடு ஒப்பிடுவதைவிட, அதே பெண்ணை அவரோடே ஒப்பிடுவது வலுவானது.

வண்ணை_கணக்கு_வாத்தியார் | மே 6, காலை 9.30

நல்ல யோசனை. ஒரு எச்சரிக்கை மட்டும். இரண்டாவது தடவை கேட்கும்போது கேள்வி பழகியிருக்கும், நீங்களும் பழகியிருப்பீர்கள். மதிப்பெண் இறங்கினால் படகு போனதாலா, உங்களைப் பிடித்துப்போனதாலா? அதனால் தடைக்காலத்தில் கேட்கவே கேட்காத சிலரையும் ஜூலையில் புதிதாகக் கேளுங்கள். கரும்பு ஆய்விலும் அப்படி ஒரு பிரிவினரைத் தனியாக வைத்திருந்தார்கள்.

ஆல்ஃபா விஷயத்துக்கும் முடிவு சொல்லிவிடுகிறேன். பத்தையும் வையுங்கள். களத்துக்குப் போகும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, நெறியாளரிடம் கையெழுத்து வாங்குங்கள்: பத்துக் கேள்வியின் மொத்தத்தை இப்படிக் கணக்கிடுவேன், நேர்மறை நான்கையும் எதிர்மறை ஆறையும் தனித்தனியாகவும் காட்டுவேன் என்று. இந்த அளவுகோல் பல நாடுகளில் அப்படி இரண்டு கூறாகப் பிரிந்திருக்கிறது, உங்களுக்கும் பிரியலாம். எண் வந்தபின் கேள்வியைத் தூக்குகிற பேச்சு அப்புறம் வராது. சொற்களை மாற்றிவிட்டதால் வெளிநாட்டுச் சராசரிகளோடு ஒப்பிடக் கூடாது என்பதையும் எழுதுங்கள்.

பெரம்பூர்_வாசகன் | மே 6, மாலை 5.10

நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நாள் கணக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது: மே 7 முதல் ஜூன் 14 வரை 39 நாள். 150ஐ 100ஆகக் குறைத்துக்கொள்ள நெறியாளரிடம் கேளுங்கள். சனி, ஞாயிறு எனக்கு லீவு. ஒப்புதல் படிவத்துக்குச் சாட்சி வேண்டும் என்றால் நான் வந்து நிற்கிறேன். ஆய்வுக் குழுவில் இல்லாதவன்தானே.

கடலோர_மாணவி | மே 8, இரவு 9.20

நெறியாளரைப் பார்த்தேன். எட்டுப் பேரும் சொன்னதை எழுதிக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். 'எரிச்சல்' பக்கத்தை இரண்டு தடவை படித்தார். "இத்தனை வருஷமா இந்தத் தாளைத்தானே கொடுத்துக்கிட்டு இருக்கோம்" என்று மட்டும் சொன்னார். 100 பேருக்கு ஒப்புக்கொண்டார், பத்துக் கேள்விகளுக்கும் சரி என்றார். ஜூலையில் மறுபடி 30 பேர், புதிதாக 30 பேர். திட்டப் பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை தொடங்குகிறேன். எந்த நேரத்துக்குப் போவது நல்லது?

காசிமேட்டுப்_பொண்ணு | மே 8, இரவு 9.55

விடியற்காலையில் ஃபைபர் படகு மீன் ஏலம் நடக்கும்போது யாரும் பேச மாட்டார்கள். பதினொரு மணிக்கு மேல் வாருங்கள், வியாபாரம் ஓய்ந்து டீ குடிக்கிற நேரம். பெரம்பூர் அண்ணாவிடம் சொல்லுங்கள், சனி ஞாயிறு என்றால் மூன்று மணிக்கு மேல்தான். அந்த இரண்டு நாளும் கூட்டம் தாங்காது.

நாற்காலி போட்டால் உட்காராதீர்கள், அவர்கள் உட்கார்ந்திருக்கிற பலகையிலேயே உட்காருங்கள். புளியங்கொட்டை ஈரக் கையில் ஒட்டும், ஒரு பழந்துணி கூட எடுத்துவாருங்கள். முதல் நாள் அம்மா உங்களோடு வருவதாகச் சொல்கிறார்.

கடலோர_மாணவி | மே 8, இரவு 10.05

வருகிறேன். அம்மாவை 11 மணிக்கு ஐஸ் ஃபேக்டரி பக்கம் நிற்கச் சொல்லுங்கள்.